தோவாளை அக்கா

காலையில் எழுந்ததும் முதலில் மோட்டார் போடுவேன். தொட்டி நிறைவதற்குள் பல் தேய்த்து, கட்டன்சாயா போட்டுக்கொள்வேன். பால் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஒருவனுக்கு ஒரு பாக்கெட் அதிகம், மிச்சம் திரிந்துபோகிறது. முற்றத்தில் கிடக்கும் பலா இலைகளைக் கூட்டித் தள்ளுவேன். சட்டையை இஸ்திரி போடுவேன். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இந்தக் கேள்வி பதில் தளத்தைத் திறந்து, யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இன்று உங்கள் கேள்வி மேலே இருந்தது.

"எட்டாம் மாதத்தில் கால் வீங்கிக் கொலுசு கழற்ற எண்ணெய் போட வேண்டியதாயிற்று என்று போன வருடம் இங்கே ஒரு பெண் கேட்டிருந்தார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நான் பதில் எழுதினேன். அந்தப் பதிலைத் தளத்தில் மறைத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அந்தப் பெண் என்ன ஆனார்? யாருக்காவது தெரியுமா?"

உங்கள் பெயர் ஃபாஸிலா. செவிலியர், தம்மாம், சொந்த ஊர் தேங்காப்பட்டணம் என்று போட்டிருக்கிறீர்கள். ஊருக்கு வந்தால், உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை. எழுத முடியாது. பதில் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்தத் தளத்தில் நான் எழுதும் பதில்களில், கீழே என் வலைப்பூவின் சுட்டி இல்லாத முதல் பதில் இது.

என் பெயர் பெனின். தாவரவியல் படித்தேன். புதுக்கடை சந்திப்பில் ஷாஹுல் அண்ணனின் டிராவல்ஸில் வேலை. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போடுவது, விசா பிரிண்ட் எடுப்பது. பகல் முழுக்க மற்றவர்களின் பெயர்களைத் தட்டிக்கொண்டிருப்பேன். என் பெயரிலும் ஏதாவது தட்ட வேண்டும் என்று தோன்றியது. 'வேரும் இலையும்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். மூலிகைகள், உணவு, உடம்பு. புத்தகங்களைப் பார்த்து ஒழுங்காக எழுதினேன். யாரும் வரவில்லை.

பிறகு ஒன்று புரிந்தது. 'கீழாநெல்லியின் குணங்கள்' என்று யாரும் தேடுவதில்லை. 'கண்ணு மஞ்சளா இருக்கு என்ன செய்ய' என்று கேட்கிறார்கள். கட்டுரையை வைத்துக்கொண்டு ஆள் வரட்டும் என்று காத்திருப்பது வீண். கேள்வி இருக்கும் இடத்துக்கு நாம் போக வேண்டும். நான் இந்தத் தளத்துக்கு வந்தேன். பாதியை இங்கே சொல்வேன். மீதிக்குச் சுட்டி. மரியாதையாக எழுதுவேன், யாரையும் திட்ட மாட்டேன், எழுத்துப்பிழை இருக்காது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பயந்திருப்பவர்கள்தான் அதிகம் சொடுக்குகிறார்கள் என்பதைச் சீக்கிரமே கவனித்தேன்.

இதில் ஒரே சிரமம், நம்மிடம் பதில் இருக்கும் கேள்வியை மற்றவர்கள் கேட்பதில்லை. அதனால் நானே கேட்டேன். அதற்கு வேறு பெயரில் ஒரு கணக்கு. பதிலுக்கு நன்றி சொல்ல இன்னொன்று. பதிலை மேலே ஏற்றுவதற்கு ஓட்டுப் போடச் சில. இதை நான் மட்டும் செய்யவில்லை. இங்கே பெயர் வாங்கிய பலரும் செய்வதுதான்.

அந்தக் கணக்குகளில் ஒன்றுக்கு முத்துக்கனி என்று பெயர் வைத்தேன். ஊர் தோவாளை. கணவனுக்குப் பூச்சந்தையில் கடை. இரண்டு பெண் குழந்தைகள். வெறும் பெயரை யாரும் நம்புவதில்லை. கொஞ்சம் வாழ்க்கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் வடசேரி போய் அங்கிருந்து தோவாளை பஸ் பிடித்து, சந்தையில் பிச்சிப்பூக் குவியலை போனில் படம் எடுத்து வந்தேன். அதுதான் முத்துக்கனியின் படம். வெறுங்கையோடு வர வேண்டாமே என்று கொஞ்சம் பூவும் வாங்கினேன். என் மனைவி பிரிஜா அதைத் தலையில் வைத்துக்கொண்டு, என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அது உண்மைதான்.

ஷாஹுல் அண்ணன் ஒருமுறை என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, யாருடே இது முத்துக்கனி?"

"நான்தான் அண்ணே."

"பொம்பளயாட்டு எழுதுதியா? கொள்ளாம். மாப்பிள்ள எங்க, துபாயிலயா?"

"தோவாளையில பூக்கடை."

"அப்போ டிக்கெட்டுக்கு வரமாட்டா. இன்னொருத்திய உண்டாக்கு மக்கா, மாப்பிள்ள கத்தாருல இருக்கப்பட்டவளா. நமக்கும் கச்சவடம் நடக்கும்லா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு இதில் வேறு பங்கு எதுவும் இல்லை.

பிரிஜா உண்டானதும் 'மருந்தில்லா மாதங்கள்' என்று ஒரு தொடர் எழுதினேன். சத்து மாத்திரை இல்லாமல், ஊசி இல்லாமல், உணவாலும் ஓய்வாலும் மட்டும் ஒரு பெண் பிள்ளை பெறுவது பற்றி. ஒவ்வொரு மாதமும் ஓர் அத்தியாயம். அதற்கு முன்னால் நான் எழுதியவற்றுக்கு இல்லாத கூட்டம் இதற்கு வந்தது. முகம் தெரியாத பெண்கள் பிரிஜாவை நலம் விசாரித்தார்கள். கடைசி அத்தியாயமும் வந்துவிட்டால் புத்தகமாகப் போடலாம் என்று ஒரு பதிப்பகத்திலிருந்து எழுதினார்கள்.

தொடருக்கு ஆள் கொண்டுவர, இங்கே கர்ப்பிணி ஒருத்தி கேள்வி கேட்க வேண்டியிருந்தது. முத்துக்கனிக்கு மூன்றாவது குழந்தையைக் கொடுத்தேன். பிரிஜாவுக்கு ஒரு மாதம் பின்னால். பிரிஜாவுக்கு இந்த மாதம் வருவது முத்துக்கனிக்கு அடுத்த மாதம் வரும். அவள் கேட்கும்போது என்னிடம் பதில் தயாராக இருக்கும். வசதியான ஏற்பாடு.

பிரிஜா இந்தத் தளத்துக்கு வருவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. பகலில் வீட்டில் தனியாக இருந்தாள். போனில் 'அலையோரம்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கியிருக்கிறாள். முத்துக்கனியின் கேள்விகளுக்கு அவளே பதில் எழுதினாள். எனக்கும் போன மாதம் இப்படித்தான் இருந்தது அக்கா, பயப்பட வேண்டாம் என்று எழுதினாள். அப்புறம் தனிச்செய்தி அனுப்பினாள். ஒருநாள் சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்.

"தோவாளையில எனக்கு ஒரு அக்கா உண்டு, தெரியுமா? நெட்டுல பழக்கம். அதுக்க மாப்பிள்ளைக்குப் பூக்கடை. அந்தாளு வந்து கேறினா வீடு முழுக்க பிச்சி மணக்குமாம்."

"நல்லதுதானே."

"எனக்கு வாச்சவருட்ட பிரிண்டர் மைதான் மணக்குது. கொடுப்பின வேணும்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அவள் ஒரு வாரம் கேலி செய்திருப்பாள், அவ்வளவுதான். அவள் சந்தோஷமாக இருந்தாள். கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதன்பின் கடையில் வேலை ஓய்ந்திருக்கும்போது முத்துக்கனியாக அவளுக்குப் பதில் எழுதினேன். என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னாள். என்மேல் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. கொஞ்சம் பேசினால் நன்றாயிருக்கும் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பரிசோதனைகளைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். ஐந்தாம் மாதம் வரை போனோம். பிறகு, சுகாதார நர்ஸிடம் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுகிறோம் என்றேன். பிரிஜாவின் அம்மா செசிலி மாமியிடம் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்கிறார் என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்திக்க வாய்ப்பில்லை. மாமி இனயத்தில் கடற்கரையில் மீன் வாங்கி விற்பவர். வேலை இல்லாத நாட்களில் மட்டும் வருவார். கடைசியாக வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனக்க பிள்ளைக்க மொகத்த நீ பாத்தியா மக்கா? ஊதிப்போயி கெடக்கு."

"பாத்தேன் மாமி. நேத்து நர்ஸ் வந்தாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாங்க."

"நர்சு சொன்னா சரி. நீயும் படிச்சவன். நான் என்னத்தக் கண்டேன்."

மாமி கொண்டுவந்த சாளைமீனைக் குழம்பு வைத்துவிட்டுப் போனார். எட்டாம் மாதத்தில் உப்பைக் குறைக்கச் சொல்லி நான் அத்தியாயம் எழுதியிருந்ததால், பிரிஜா குழம்பைத் தொடவில்லை.

அந்த வாரம்தான் கொலுசு. கல்யாணத்துக்கு மாமி செய்து போட்டது. கணுக்காலில் புதைந்துபோய்த் தோல் சிவந்திருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை என் மடியில் வைத்தாள். தேங்காயெண்ணெய் போட்டுக் கழற்றினேன்.

"பைய, பைய. இது எனக்க காலாக்கும். வலைன்னு நெனச்சு இழுக்காதீங்க."

கொலுசு வந்துவிட்டது. என் விரல் அழுந்திய இடத்தில் குழி விழுந்து, வெகுநேரம் மேலே எழும்பாமல் அப்படியே இருந்தது. அந்தக் குழி எதைக் காட்டுகிறது என்று எனக்குத் தெரியும். அதைப்பற்றி எழுதியிருக்கிறேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்குப் போகவில்லை. செருப்புக்குள் கால் நுழையவில்லை. உள்ளறையில் படுத்திருந்தாள். நான் முன்னறையில் இந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அலையோரம்' என்ற பெயரில் ஒரு கேள்வி வந்தது.

"எட்டாம் மாசம். கால் வீக்கம். கொலுசு கழற்ற எண்ணெய் போட வேண்டியதாயிற்று. இரண்டு நாளாக மண்டையிடி. கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக மின்னுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? வீட்டில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். பெண்கள் யாராவது சொல்லுங்கள்."

மண்டையிடியை என்னிடம் சொல்லியிருந்தாள். கண்ணில் மின்னுவதைச் சொல்லவில்லை. அதை அங்கேதான் முதலில் படித்தேன்.

உங்கள் பதில் உடனே வந்தது. "சகோதரி, காத்திருக்காதீர்கள். இன்றே, இப்போதே போங்கள். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்." நல்ல பதில். சுருக்கமானது. சுட்டி எதுவும் இல்லை.

அந்தக் கேள்வியை நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கேள்வி அப்படி ஏறுவது அபூர்வம். அதன்கீழ் மேலே நிற்கும் பதிலைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.

தளம் உங்கள் பதிலை மறைக்கவில்லை. நான் மறைத்தேன். புகார்கள் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் பதில் தானாக மறைந்துவிடும். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. என்னிடம் இருந்த கணக்குகள் போதுமானவையாக இருந்தன. ஒவ்வொன்றாக உள்ளே போய், 'தேவையில்லாமல் பயமுறுத்துகிறது' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

உள்ளறையிலிருந்து பிரிஜா கேட்டாள்.

"இஞ்ச பாருங்க, போனு அடிச்சுது, எடுத்துப் பாத்தா ஒண்ணும் இல்ல. யாரோ எழுதிட்டு அழிச்சிட்டினும் போல."

"சில நேரம் அப்படி ஆகும்," என்றேன்.

பிறகு முத்துக்கனி பதில் எழுதினாள். "தங்கச்சி, மூத்தவள் வயிற்றில் இருக்கும்போது எனக்கும் இதே வீக்கம், இதே மண்டையிடி. பார்லிக் கஞ்சியில்தான் வடிந்தது. இப்போதும் எனக்குக் கால் வீங்குகிறது, கஞ்சிதான் குடிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கீறிவிடுவார்கள். கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள். நாம் இரண்டு பேரும் சுகமாகப் பெற்றெடுப்போம்." கஞ்சி வைக்கும் பக்குவத்துக்கு என் வலைப்பூவின் சுட்டியைக் கீழே கொடுத்தாள்.

அனுப்பியதும் உள்ளறையில் போன் ஒலித்தது. பிறகு அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"கடையில பார்லி கிடைச்சா வாங்கிட்டு வாங்க," என்றாள்.

வலைப்பூவுக்கு யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று பார்க்க ஒரு பக்கம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜாவிலிருந்து வந்தார்கள், சென்னையிலிருந்து வந்தார்கள், கொழும்பிலிருந்தும் வந்தார்கள். ஒருவர் புதுக்கடையிலிருந்து வந்திருந்தார்.

பார்லி பற்றி நான் எழுதியதில் தவறு கிடையாது. அது நீர் பிரிக்கும், புத்தகங்களில் இருக்கிறது. பேறுகாலத்துக்கு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் இருந்தேன். முன்கூட்டியே போனால் அவர்கள் மாத்திரை கொடுப்பார்கள், ஊசி போடுவார்கள், அத்தியாயம் அங்கே நின்றுவிடும் என்பதால் சில வாரங்கள் தள்ளிப்போட்டேன். இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. முத்துக்கனிதான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் விழுந்து கிடந்தாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்திருந்தது. ஷாஹுல் அண்ணனுக்கு போன் செய்தேன். அவர் தன் வேனைக் கொண்டுவந்தார். வேனில் ஏற்றும்போது இழுப்பு நின்று, கண்ணைத் திறந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மார்த்தாண்டம் போகும் வழியில் கொஞ்சம் பேசினாள். பிறகு மறுபடியும் இழுத்தது. அதன்பின் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். ஆண் குழந்தை. அவனும் தங்கவில்லை. ஒரே பெட்டியில் வைத்தார்கள். கொலுசை மாமி கையிலேயே வைத்திருந்தார். மூடும் நேரத்தில் அவளுடைய கால்மாட்டில் போட்டார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் படித்தவன். மனைவியைப் பறிகொடுத்தவன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இத்துடன் முடிந்தது. ஆனால் அதன்பின் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், அரைகுறையாக விட்டுப் பழகிய கை என்றாலும்.

பெட்டியை இறக்கிய வாரமே வலைப்பூவில் எழுதினேன். இதயத்தில் யாருக்கும் தெரியாத கோளாறு இருந்தது, எந்த மருத்துவமும் காப்பாற்றியிருக்காது என்று எழுதினேன். தலைப்பு, 'அவள் கடைசியாகச் சொன்னது'. அழாதீர்கள், எழுதுவதை நிறுத்தாதீர்கள், எத்தனையோ பெண்கள் உங்களை நம்பியிருக்கிறார்கள் என்று பிரிஜா சொன்னதாக எழுதினேன். பிறகு இந்தத் தளத்தில் முத்துக்கனியின் பெயரில் ஒரு கேள்வி கேட்டேன். 'உங்களுக்குப் பிரியமானவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை எது?' அதற்கு நிறையப் பேர் தங்கள் அப்பாவை, அம்மாவை, பிள்ளையைப் பற்றி எழுதினார்கள். எல்லாம் உண்மையான மனிதர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் பாதியை எழுதிச் சுட்டி கொடுத்தேன். என் வலைப்பூவில் அதிகம் பேர் படித்த பக்கம் அதுதான். இப்போதும் தினமும் ஆள் வருகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து முத்துக்கனிக்குச் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பிரிஜா என்று பெயர் வைத்திருப்பதாக எழுதினாள். தொடர் அப்படியாக முடிந்தது. பலர் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவர் படித்துவிட்டு அழுததாக எழுதியிருந்தார்.

இந்தப் பதிலை அனுப்பியதும் எல்லாக் கணக்குகளையும் மூடிவிடுவேன். இதை யாரிடம் காட்ட வேண்டுமோ நீங்கள் காட்டிக்கொள்ளலாம். புதுக்கடையில் டிராவல்ஸ் பெனின் என்றால் வீட்டைக் காட்டுவார்கள். செசிலி மாமிக்குப் படிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது. நானே போய்ச் சொல்லலாம் என்று சிலமுறை இனயம் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன்.

உங்கள் கேள்வி, அந்தப் பெண் என்ன ஆனார் என்பது. அதற்குச் சொல்லிவிட்டேன். கடைசி வார்த்தை பற்றி நான் கேட்ட கேள்விக்கு மட்டும் சரியான பதிலை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டியவன் நான்தான்.

வேனில் ஷாஹுல் அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் நான் அவள் வாயருகே குனிய வேண்டியிருந்தது. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"தோவாளை அக்காட்ட சொல்லுங்க, கஞ்சி குடிச்சிட்டு இருக்காண்டாம். இண்ணைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அதுக்கும் கால் வீங்குது, பாவம்."